கடைமடைக்கு வராத வோல்ட்

பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் ஒரு காலத்தில் கால்களால்தான் தொடங்கியது. கார்கள் சாலையின் ஒரு பக்கம் சாய்வாக வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். கொடி அசைந்ததும் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, காருக்குள் தாவி, சாவியைத் திருப்பிப் பறக்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட போர்ஷே கார்களில் சாவித் துவாரம் ஸ்டியரிங்குக்கு இடதுபுறம் இருப்பது இதனால்தான் என்பார்கள் அதன் ரசிகர்கள். இடக்கை சாவியைத் திருப்பும்போதே வலக்கை கியரைப் போட்டுவிடலாமாம். கம்பி கொஞ்சம் மிச்சமாகும் என்றுதான் அங்கே வைத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. இந்தக் கட்டுரை கம்பியைப் பற்றியது என்பதால் எனக்கு இரண்டாவது கதையே பிடித்திருக்கிறது.

ஓடிவந்து ஏறும் அந்த வழக்கம் 1969-உடன் முடிந்தது. அந்த ஆண்டு ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் இது ஆபத்தான கூத்து என்று காட்டுவதற்காக மற்றவர்கள் ஓட, தான் மட்டும் நிதானமாக நடந்துபோய், பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். மறுநாள் சுமார் 120 மீட்டர் முந்தி அவரே வென்றார். அவர் ஓட்டியது ஃபோர்டு. தோற்றது போர்ஷே.

அரை நொடியை எண்ணிப் பார்த்த அந்தப் பரம்பரையில் வந்த கார்தான் 911. அதில் 997 என்ற தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 2004-இல் வெளிவந்தது. காலையில் ஒரே திருப்பில் உறுமிக் கிளம்புகிறது. மணிக்கணக்கில் ஓடிவிட்டு, பெட்ரோல் பங்கில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மட்டும் 'றூ...ம்... றூ...ம்...' என்று முனகுகிறது. எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆனால் அந்த இரண்டு நொடிக்குள், வாங்கிய கடனெல்லாம் ஒருமுறை உரிமையாளரின் கண்முன் வந்துபோகிறது. அடுத்த நாள் புது பேட்டரி வாங்குகிறார். காலையில் சரியாக இருக்கிறது. மாலையில் மறுபடியும் முனகல்.

இங்கே ஒரு மெக்கானிக்கின் முதல் கருவி காதுதான். 'வண்டி ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது' என்ற ஒரே புகாருக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இன்ஜின் சுற்றுவதே மெதுவாக இருப்பது. மற்றது, இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ளாமல் இருப்பது. முதலாவதன் ஒலி முனகல். இரண்டாவதன் ஒலி, தையல் மெஷின் வெறுமனே ஓடுவதுபோன்ற சீரான 'கிர்ர்ர்'. முதல் நோய்க்கு மின்சாரத்தைத் தேட வேண்டும். இரண்டாவதற்குப் பெட்ரோலையும் தீப்பொறியையும் தேட வேண்டும். இதைப் பிரிக்காமல் ஸ்பேனரை எடுப்பவர், வயிற்று வலியா தலைவலியா என்று கேட்காமலே மாத்திரை எழுதும் வைத்தியர்.

முனகலை முதலில் பார்ப்போம். 911-இல் இது வெறும் கோளாறு அல்ல, பூகோளச் சிக்கலும்கூட. இந்தக் காரின் இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. பின்பக்கப் பாரத்துக்கு ஈடுகொடுக்க பேட்டரியை முன்பக்கம் வைத்திருக்கிறார்கள். காரின் நீளம் சுமார் 4.4 மீட்டர். ஆக, நமக்குத் தெரிந்த சாதாரணக் காரில் கைமுழ தூரத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு, இங்கே மின்சாரம் காரின் தலையிலிருந்து வால்வரை பயணம் போக வேண்டியிருக்கிறது.

பயணம் போவது சில்லறை மின்சாரமும் அல்ல. 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரும் உள்ளே இழுத்த காற்றைப் பதினொன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்குகிறது. 11.3-க்கு 1 என்பது இதன் அழுத்த விகிதம். இந்த எதிர்ப்பை மீறி இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்ற வைக்க, 200 ஆம்பியர் வரிசையில் மின்னோட்டம் வேண்டும். காரின் முகப்பு விளக்கு ஒன்றுக்கு ஐந்தாறு ஆம்பியர் போதும் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

இனி ஓமின் விதி. பள்ளியில் படித்துத் தேர்வு முடிந்ததும் மறந்த அதே விதி. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்ட் கிடைக்கும். 50 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள, 5 மீட்டர் நீளச் செப்புக் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தடை ஒரு ஓமில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. 200 ஆம்பியர் ஓடும்போது அது தின்பது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கேபிளின் நுனியில் 'லக்' என்ற உலோக முனையை நசுக்கிப் பூட்டிய இடத்தில் பச்சை பூத்து, நூறில் ஒரு பங்கு ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்றால்? 200 ஆம்பியரை 0.01 ஓமால் பெருக்குங்கள். 2 வோல்ட் காணாமல் போகிறது.

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி என்று தினமும் செய்தியில் சொல்வார்கள். கடைமடை விவசாயிக்கு அந்த எண்ணால் என்ன பயன்? வாய்க்கால் தூர்ந்திருந்தால் அணை நிரம்பி வழிந்தாலும் அவர் வயல் காய்ந்துதான் கிடக்கும். பேட்டரி என்பது அணை. ஸ்டார்ட்டர் மோட்டார் கடைமடை. நம் உரிமையாளர் செய்தது, வாய்க்காலைத் தூர்வாராமல் இன்னொரு அணை கட்டிய வேலை.

12-இல் 2 போனால் ஆறில் ஒரு பங்குதானே, அதற்கா இவ்வளவு முனகல் என்று கேட்கலாம். மோட்டாரின் கணக்கு அப்படி ஓடுவதில்லை. சுற்றும் மோட்டார் ஒவ்வொன்றும் தானே ஒரு சிறு ஜெனரேட்டராகவும் இருக்கிறது. உள்ளே வரும் வோல்ட்டுக்கு எதிராக அது ஒரு வோல்ட்டைப் பிறப்பிக்கிறது. இந்த எதிர்வோல்ட் சுழலும் வேகத்தோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஒரு கணக்குக்கு, சுற்றும்போது பேட்டரியில் 10.5 வோல்ட் நிற்கிறது, மோட்டாரின் உள்கம்பிகள் 4 வோல்ட்டை எடுத்துக்கொள்கின்றன என்று கொள்வோம். வேகமாக மாறுவதற்கு மிஞ்சுவது 6.5. வழியில் 2 வோல்ட் தொலைந்தால் மிஞ்சுவது 4.5. வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிகிறது. மோட்டார் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வதால் நட்டம் முழுவதும் வேகத்தின் தலையில் விழுகிறது.

அந்தத் தொலைந்த 2 வோல்ட் எங்கே போகிறது? 2-ஐ 200-ஆல் பெருக்கினால் 400 வாட். பழைய 100 வாட் குண்டு பல்புகள் நான்கின் வெப்பம் ஒரு விரல் தடிமன் இணைப்பில் இறங்குகிறது. சாவியைத் திருப்பிப் பார்த்த கையோடு பேட்டரி முனையையும் கேபிள் இணைப்புகளையும் தொட்டுப் பார்க்கும் பழைய மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். எந்த இணைப்பு சுடுகிறதோ அதுதான் திருடன். மீட்டர் வாங்க வசதியில்லாத காலத்து உத்தி என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். இயற்பியல்படி அப்பழுக்கற்ற சோதனை அது. தொடும்முன் வண்டியை அணைத்துவிட்டுத் தொடுங்கள், அவ்வளவுதான்.

சரி, காலையில் நன்றாகக் கிளம்பும் வண்டி மாலையில் மட்டும் ஏன் முனகுகிறது? நோயறியும் கலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. சூடான இன்ஜினில் ஆயில் நீர்த்திருக்கும். சுற்றுவது எளிதாக வேண்டும். பேட்டரியும் குளிரில்தான் சுணங்கும். உள்ளே நடக்கும் வேதிவினை தட்பத்தில் மந்தமாகும் என்பதால்தான் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் குளிர்-ஸ்டார்ட் ஆம்பியர் அளவையே -18 டிகிரி செல்சியஸில் சோதித்துத் தருகிறார்கள். ஆக, பேட்டரியோ ஆயிலோ குற்றவாளியாக இருந்தால் தொல்லை குளிர்ந்த காலையில் வர வேண்டும். சூட்டில் மட்டும் வந்தால், சூட்டில் கெட்டுப்போகும் ஏதோ ஒன்றைத்தான் தேட வேண்டும். அது பின்னால், இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வண்டி ஓடும்போது காற்றும் கூலன்ட்டும் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்பிலும் அலுமினியத்திலும் தேங்கிய வெப்பம் மெல்ல வெளியே கசிந்து, இன்ஜின் அறையின் சூடு சில நிமிடங்களுக்கு ஓடியபோது இருந்ததைவிட ஏறுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் இட்லிப் பானைக்குள் வேக்காடு தொடர்வதுபோல. பெட்ரோல் போட்டு, காபி குடித்து, திரும்பி வரும் பத்து நிமிடம்தான் அதற்கு உச்சம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியிலிருந்து 100-க்குப் போனால் 31 சதவீதம். நல்ல கேபிளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூன்றில் ஒரு பங்கு வோல்ட் இழப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஏற்கெனவே அரித்துப்போய், விளிம்பில் நிற்கும் இணைப்புக்கு அதுவே கடைசித் துரும்பு. மோட்டாரின் உள்கம்பிகளும் அதே நேரத்தில் சூடாகித் தங்கள் பங்கைக் கூட்டிக் கேட்கின்றன.

997 உரிமையாளர்களிடையே இது பேர்போன கோளாறு. ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் இணைக்கும் பின்பக்கக் கேபிள் வயதாக வயதாக நுனிகளில் அரித்துப்போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் உறை பளபளப்பாகவே இருக்கும். அதே கேபிள் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தையும் பேட்டரிக்குக் கொண்டுவருவதால், கேபிள் கெட்டால் பேட்டரிக்குச் சாப்பாடும் குறைகிறது. அரைவயிற்றுப் பேட்டரி, அடைத்த வாய்க்கால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. புது பேட்டரி போட்டதும் சிலருக்குச் சில வாரம் நன்றாக இருப்பதுபோல் தோன்றி ஆளை ஏமாற்றுவதும் இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவி ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர். ஆனால் அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் மீட்டரை வைத்து, 12.6 காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்பார்கள். படுத்திருப்பவரின் நாடியைப் பிடித்துவிட்டு மலை ஏறச் சொல்வதுபோல் அது. இன்னும் சிலர் கேபிளைக் கழற்றி அதன் தடையை ஓம் அளவில் பார்த்து, பூஜ்யம் காட்டுகிறது என்பார்கள். ஓம் அளவுக்காக மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில் ஒரு சொட்டு மின்சாரம். நூற்றுக்கணக்கான இழைகளில் நாலே இழை மிஞ்சியிருந்தாலும் அந்தச் சொட்டு தாராளமாகப் போய்விடும். ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆள் நடந்துவிட்டார் என்பதற்காக அதில் லாரி போகும் என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையைக் கேபிள் முடியும் இடத்தில் ஸ்டார்ட்டரின் தடித்த ஸ்டட்டிலும் வையுங்கள். இன்னொருவரைச் சில நொடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒரே கேபிளின் இரண்டு முனைக்கும் நடுவே மீட்டர் காட்டுவது, வழியில் தொலைந்த வோல்ட். அது 0.5-க்குள் இருந்தால் வாய்க்கால் சரி. அடுத்து எர்த் பக்கம்: பேட்டரியின் நெகட்டிவுக்கும் ஸ்டார்ட்டரின் உடலுக்கும் நடுவே 0.2-க்குள் இருக்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் தொங்குவதால் அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு எர்த் பட்டை போகும். எல்லோரும் பாசிட்டிவையே துழாவிக்கொண்டிருக்கையில் பல சமயம் அங்கேதான் துரு உட்கார்ந்திருக்கும். இதே சுற்றலின்போது பேட்டரியின் இரு முனைக்கும் நடுவே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் மட்டும் பேட்டரியைச் சந்தேகியுங்கள். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். ஸ்டார்ட்டர் நீண்ட உழைப்புக்குப் பிறந்தது அல்ல.

அப்படிப் பிறக்காததுதான் அதன் வெற்றி என்பது இன்னொரு கதை. நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட்டருக்கு 'செல்ஃப்' என்று பெயர். 'செல்ஃப் எடுக்கலை' என்பார்கள். அந்தச் 'செல்ஃப்' 1912-ஆம் ஆண்டு காடிலாக் காரிலிருந்து வருகிறது. அதுவரை கைப்பிடியைச் சுழற்றித்தான் இன்ஜினை எழுப்பினார்கள். கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். இன்ஜினைச் சுற்றும் அளவுக்குப் பலமான மோட்டார் வைத்தால் காரில் வேறெதற்கும் இடமிருக்காது என்று நிபுணர்கள் கைவிரித்தபோது, சார்லஸ் கெட்டரிங் வேறு மாதிரி யோசித்தார். அவர் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் வைத்தவர். கல்லா ஒரு நொடிதான் திறக்கிறது. அந்த ஒரு நொடிக்குச் சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கலாம், சூடாவதற்குள் ஓய்வு கிடைத்துவிடும். காருக்கும் அதுவே போதும் என்றார். இன்றைய ஸ்டார்ட்டரும் அந்த அவசரக்காரக் கல்லா மோட்டாரின் பேரன்தான்.

கேபிள் சோதனையில் தேறிவிட்டது, ஆனாலும் முனகுகிறது என்றால் ஒரு கிளாம்ப் மீட்டரைக் கேபிளைச் சுற்றி மாட்டி ஆம்பியரைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் எதிர்வோல்ட் குறைவு என்பதால் மின்னோட்டம் கூட வேண்டும். மெதுவாகச் சுற்றுகிறது, ஆம்பியர் எகிறுகிறது என்றால் இன்ஜினில் இறுக்கம் அல்லது ஸ்டார்ட்டருக்குள்ளேயே கோளாறு. மெதுவாகச் சுற்றுகிறது, ஆம்பியரும் குறைவு என்றால் எங்கோ தடை ஒளிந்திருக்கிறது; மோட்டாருக்குச் சோறு போகவில்லை. சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சாலினாய்டுக்குள் இருக்கும் செப்புத் தொடுமுனைகள் கரிந்து தேய்ந்திருந்தாலும் இப்படித்தான். ஒரு எண்ணை வைத்து இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லும் சோதனை காரில் வேறு அதிகம் இல்லை.

பேட்டரியை நான் முழுவதும் விடுவித்துவிடவில்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடுவதைவிட நிற்பது அதிகம். பூட்டி நிற்கும்போதும் அலாரமும் கணினிகளும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்றாலும் 30 நாளில் கிட்டத்தட்ட 29 ஆம்பியர்-மணி. 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாதி காலியான நிலையில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈயச் சல்ஃபேட் படிகமாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் செய்தாலும் முழுதாகக் கரையாது. 997-இல் இதற்கொரு வேடிக்கையான தண்டனையும் உண்டு. முன்பக்க மூடி மின்சாரத்தால் திறப்பது, பேட்டரியோ அந்த மூடிக்குள். முழுவதும் இறந்துவிட்டால், ஓட்டுநரின் கால்மாட்டிலுள்ள ஃப்யூஸ் பெட்டியில் இருக்கும் அவசர முனைக்கு வெளி மின்சாரம் கொடுத்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இனி இரண்டாவது நோய், சுற்றுகிறது ஆனால் பற்றவில்லை. 1970-களின் 911-இல் பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற முழுக்க இயந்திரவியல் பெட்ரோல் ஊசி முறை இருந்தது. வண்டியை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தத்தைக் காத்து நிற்க அதில் ஒரு ஸ்பிரிங் வைத்த கலம் உண்டு. அந்தக் கலம் கெட்டால் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். பம்ப் ஆவியைத் தள்ளித் தள்ளி, மறுபடி திரவம் வந்து சேரும்வரை இன்ஜின் வெறுமனே சுற்றும். பிந்தைய கணினிக் கார்களிலும் பம்ப்பின் தடுப்பு வால்வு கசிந்தால் கிட்டத்தட்ட இதே கதை. அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல், விளக்குகள் எரியும் நிலையில் இரண்டு நொடி வைத்து அணையுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் பம்ப் குழாயை நிரப்பிவிடும். நான்காவது முறை சட்டெனக் கிளம்பினால், அழுத்தம்தான் கசிகிறது.

கூலன்ட்டின் வெப்பமானி பொய் சொன்னாலும் தாமதம் வரும். அது குளிரில் தடை ஏறி, சூட்டில் இறங்கும் ஒரு குறைக்கடத்தி: 20 டிகிரியில் 2,500 ஓம் அளவில் இருப்பது, 80-இல் 300 அளவுக்கு வரும். குளிர்ந்த இன்ஜினைச் சூடு என்று அது சொல்லிவிட்டால் கணினி பெட்ரோலைக் கிள்ளிக் கொடுக்கும்; சூடானதைக் குளிர் என்றால் ஊற்றி மூழ்கடிக்கும்.

இரண்டு நோய்களும் கைகோக்கும் ஓர் இடமும் இருக்கிறது. தீப்பொறியை எப்போது விடுவது என்று கணினி அறிவது கிராங்க் சென்சார் வழியாக. பல பாஷ் அமைப்புகளில் 60 பல் இடத்தில் இரண்டு பல்லை மட்டும் விட்டுவிட்ட சக்கரம் ஒன்று சுற்றும். அந்தப் பொக்கை கடக்கும்போதுதான் இன்ஜின் எங்கே நிற்கிறது என்று கணினிக்குப் புரியும். காந்தச் சுருள் வகைச் சென்சாராக இருந்தால், அது தரும் மின்துடிப்பின் பலம் பல் கடக்கும் வேகத்தைப் பொறுத்தது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் துடிப்பு பலவீனமாகும். பொக்கை தெரியாவிட்டால் தீப்பொறியே வராது. அப்போது சென்சார் மீது பழி போட்டு அதை மாற்றுவார்கள். குற்றவாளி அப்போதும் அந்தப் பச்சை பூத்த கேபிள்தான்.

ஆகவே உங்கள் வண்டி 911 ஆக இருந்தாலும் சரி, பத்து வயது மாருதியாக இருந்தாலும் சரி, முனகத் தொடங்கினால் பேட்டரிக் கடைக்குப் போகும்முன் மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அண்ணே, செல்ஃப் சுத்தும்போது கேபிள்ல எத்தனை வோல்ட் விழுதுன்னு பார்த்தீங்களா?" பார்க்கவில்லை என்றால், வண்டி சூடாக இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஆறிய பிறகு அளந்தால் அது யோக்கியன் மாதிரிதான் காட்டும்.